சிஏ-125: ஓர் எண்ணை எப்படி வாசிப்பது?

வாசகர் கேள்விகள் – மருத்துவர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: சூலகப் புற்றுநோயை சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா என்பதே அது. ஆகவே முழங்கால் வலி பற்றியும் சீனி வருத்தம் பற்றியும் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: எனக்கு 34 வயது. அலுவலகத்தின் ஊடாகக் கழிவு விலையில் கிடைத்த ‘முழு உடல் பரிசோதனை’யைச் செய்துகொண்டேன். அறிக்கையில் சிஏ-125 என்ற இடத்தில் 68 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் ‘எச்’ என்ற எழுத்தும் போட்டிருக்கிறார்கள். அன்றிரவு முழுவதும் தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. மாதவிடாயின் இரண்டாம் நாளில்தான் இரத்தம் கொடுத்தேன். பாடசாலைக் காலத்திலிருந்தே மாதவிடாய் வலி கடுமையாக இருக்கிறது. திருமணமாகி ஐந்து வருடங்கள். இன்னும் குழந்தை இல்லை. எனக்குப் புற்றுநோயா டொக்டர்? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் இன்றிரவே கணவரிடம் சொல்லுங்கள். பிறகு உங்கள் கடிதத்தின் இறுதி வரிகளை நீங்களே மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், சகோதரி. மாதவிடாயின் இரண்டாம் நாள், நெடுநாளைய வலி, தள்ளிப்போகும் கர்ப்பம் ஆகிய இந்த மூன்றும் சேர்ந்து, அறிக்கையிலுள்ள 68ஐ விடத் தெளிவாகப் பேசுகின்றன.

‘கேன்சர் ஆன்டிஜன்’ என்பதன் சுருக்கமே சிஏ. பாதிப் பயத்தை இந்தப் பெயரே கொடுத்துவிடுகிறது. 1981இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ரொபர்ட் பாஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், சூலகப் புற்றுநோய்க் கலங்களைப் பற்றிக்கொள்ளக்கூடிய பிறபொருளெதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கிச் சோதித்து வந்தபோது, 125ஆம் இலக்கமிட்ட முயற்சி பலித்தது. அது பற்றிக்கொண்ட புரதத்துக்கும் அந்த இலக்கமே பெயராக நிலைத்துவிட்டது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், நோயில்லாத 888 பேரின் இரத்தத்தையும் சூலகப் புற்றுநோய் ஏற்கெனவே உறுதிப்பட்ட 101 பேரின் இரத்தத்தையும் அவர்கள் அளந்து பார்த்தார்கள். முன்னவர்களில் 1 சதவீதத்தினருக்கே 35 அலகுகளுக்கு மேல் இருந்தது. பின்னவர்களில் 83 பேருக்கு இருந்தது. உங்கள் அறிக்கையின் ஓரத்தில் ‘35க்குக் கீழ்’ என்று அச்சிடப்பட்டிருக்கும் எல்லைக்கோடு அந்த ஆய்விலிருந்து வந்தது. நோயாளர் என்று தெரிந்தவர்களைப் பார்த்துக் கீறிய கோடு, மாதவிடாய் நாளில் இரத்தம் கொடுத்த 34 வயதுப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

மேலும், இப்புரதத்தைப் புற்றுநோய் மாத்திரம் உண்டாக்குவதில்லை. வயிற்றறையின் உட்சுவரை மூடியிருக்கும் மென்படலம், நுரையீரலையும் இதயத்தையும் போர்த்தியிருக்கும் படலங்கள், கருப்பையின் உட்புறம், பலோப்பியன் குழாய் ஆகிய எல்லாம் இதைச் சுரக்கக்கூடியவை. இவற்றில் எது உறுத்தப்பட்டாலும் இரத்தத்தில் அளவு உயரும். மாதவிடாய், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்கள், கருப்பைத் தசைக் கட்டிகள், இடுப்பறைக் கிருமித்தொற்று, ஈரல் சுருக்கம், இதயப் பலவீனம், எல்லாவற்றையும் விட எங்கள் பகுதியில் மறந்துவிடக் கூடாத வயிற்றுக் காசநோய் ஆகிய அனைத்தும் இந்தப் பட்டியலில் உள்ளன. வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125 பல நூறாக ஏறி, புற்றுநோய் என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்ட பின்னர், திசுப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து, ஆறு மாதக் குளிசைகளுடன் வீடு திரும்பிய பெண்கள் உண்டு.

உங்கள் விடயத்தில் நான் முதலில் சந்தேகிப்பது எண்டோமெட்ரியோசிஸ் என்ற நிலையையே. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மீதும் வயிற்றறைப் படலத்தின் மீதும் ஒட்டி வளர்ந்து, ஒவ்வொரு மாதமும் அதுவும் கசிந்து வலி தருவதே இந்நோய். சூலகத்தில் இது கட்டியாகத் திரளும்போது ஸ்கேன் எடுப்பவர்கள் ‘சொக்லேட் சிஸ்ட்’ என்பார்கள். பெண்நோய் நிபுணர் ஒருவரைச் சந்தித்து, யோனிவழி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஸ்கேனில் பயப்பட ஒன்றும் இல்லையென்றால், ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து, மாதவிடாய் இல்லாத நாளொன்றில், அதே ஆய்வுகூடத்தில் சிஏ-125ஐ மீண்டும் அளந்தால் போதும். குழந்தைப்பேறு பற்றிய ஆலோசனையையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள். இந்த அறிக்கையால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

இப்பரிசோதனையை இளம் பெண்களுக்கான சலுகைப் பொதிகளில் சேர்ப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. சென்ற வருடம் என்னிடம் வந்த ஒரு பெண், இத்தகைய ஓர் எண்ணுக்காக மூன்று நிபுணர்களை ‘சனல்’ பண்ணி, சீ.ரீ. ஸ்கேனும் எடுத்து, ஒரு மாதச் சம்பளத்தைக் கரைத்த பின்னரே, இரத்தம் கொடுத்த நாளில் மாதவிடாய் இருந்ததா என்று தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதைச் சொன்னார்.

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நான்கு மாதங்களாக வயிறு ஊதியிருப்பது போல் இருக்கிறது என்கிறார். இரண்டு பிடி சோறு உண்டதும் வயிறு நிறைந்துவிடுகிறதாம். இரவில் மூன்று நான்கு தரம் சிறுநீர் கழிக்க எழும்புகிறார். கஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள், குறையவில்லை. முகம் மெலிந்துவிட்டது, ஆனால் பாவாடை நாடாவை முன்பைவிடத் தளர்த்திக் கட்டுவதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இரத்தப் பரிசோதனை ஏதும் செய்ய வேண்டுமா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: செய்ய வேண்டும் தம்பி, இந்த வாரமே. முதற் கடிதத்துக்கு எழுதிய பதிலை வாசித்துவிட்டு, சிஏ-125 பயனற்ற பரிசோதனை என்று நீங்கள் முடிவு செய்துவிடக் கூடாது. அறிகுறியுள்ள, மாதவிடாய் நின்ற பெண்ணிடம் அது மிகப் பெறுமதியானது.

முகம் மெலிய, இடுப்பு பெருக்கிறது என்று உங்கள் மனைவியிடம் அம்மா சொன்னது, என் கணிப்பில், முழுக் கடிதத்திலும் மிக முக்கியமான தகவல். சாப்பாட்டால் பெருத்தால் முகமும் கையும் சேர்ந்தே பெருக்கும். வயிறு மட்டும் பெருப்பது, உள்ளே நீரோ கட்டியோ இருக்கலாம் என்பதற்கான அடையாளம். வயிற்று ஊதல், அடிவயிற்று வலி, சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருதல் ஆகிய நான்கும் எல்லாப் பெண்களுக்கும் எப்போதாவது வருபவைதான். ஆனால் முன்பு இல்லாமல் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 தடவைக்கு மேல் வருமானால், 50 வயதைக் கடந்த பெண்ணுக்குச் சிஏ-125 பார்க்க வேண்டும் என்றும், அது 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் பிரித்தானிய வழிகாட்டி 2011இலிருந்து சொல்லிவருகிறது. இங்கே நான் ஒரு படி மேலே போய், உங்கள் அம்மாவுக்கு இரண்டையும் ஒன்றாகவே செய்யுங்கள் என்பேன். ஏனென்றால் ஆரம்ப நிலைச் சூலகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் சிஏ-125 உயர்வதே இல்லை. சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் ஒருவகைக் கட்டியில் பெரிதான பின்னரும் உயராமல் இருக்கலாம். எண் நல்லதாக வந்துவிட்டது என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவது, எண் கூடிவிட்டது என்று பதறுவதை விட ஆபத்தானது.

வைத்தியர்கள் இந்த எண்ணை எவ்வாறு வாசிக்கிறார்கள் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். 1990இல் பிரித்தானியாவில் வகுக்கப்பட்டு இன்றும் பயன்படும் ஒரு சுட்டெண் உண்டு. மாதவிடாய் நின்றவருக்கு 3 புள்ளி, நில்லாதவருக்கு 1 புள்ளி. ஸ்கேனில் கட்டிக்குள் பல அறைகள், திண்மமான பகுதி, இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடங்களுக்குப் பரவல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் 1, இரண்டோ அதற்கு மேலோ தென்பட்டால் 3, எதுவும் இல்லாவிடில் 0. இவ்விரண்டையும் சிஏ-125 அளவுடன் பெருக்க வேண்டும். விடை 200ஐத் தாண்டினால் புற்றுநோய்க்கான வாய்ப்பு அதிகம். இப்போது சிஏ-125 அளவு 50 என்று வைத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்ற, ஸ்கேனில் இரண்டு அடையாளங்கள் உள்ள ஒருவருக்கு 3ஐ 3ஆல் பெருக்கி, அதை 50ஆல் பெருக்க 450 வருகிறது. மாதவிடாய் நிற்காத, ஸ்கேன் தெளிவாக உள்ள ஒருவருக்கு அதே 50, பூச்சியமாகிவிடுகிறது. இரத்தத்தில் இருந்த புரதம் இருவருக்கும் ஒரே அளவுதான்.

கட்டி இருப்பதாகத் தெரிந்தால், அதில் ஊசி குத்தி நீரெடுத்துப் பார்க்கலாம் என்று எவராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கட்டி சூலகத்துக்குள் அடங்கியிருக்கும் நிலையில், ஊசி வழியே கலங்கள் வயிற்றறைக்குள் சிந்திவிடக்கூடும். முதற் சத்திரசிகிச்சை பெண்நோய்ப் புற்றுநோயில் தனிப்பயிற்சி பெற்ற நிபுணரின் கையால் நடப்பது, ஒருவர் எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பதையே மாற்றக்கூடியது. கொழும்பில் காசல் வீதி, டி சொய்சா ஆகிய மகளிர் வைத்தியசாலைகளின் கிளினிக்குகள் எட்டிய தூரத்தில் இருக்கின்றன. தேவைப்பட்டால் அங்கிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கடிதம் எழுதி விடை வரும்வரை காத்திருந்தீர்களே என்பதுதான் என் ஒரே குறை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 60, எந்த வருத்தமும் இல்லை. மார்பகத்துக்கு மெமோகிராம் எடுப்பது போல், வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பெண்களுக்கும் சிஏ-125 பார்த்தால், இந்நோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் அல்லவா? ஏன் எந்த நாடும் அதைச் செய்வதில்லை? செலவுக்குப் பயந்தா? – வாசகி, தெஹிவளை

பதில்: செலவுக்குப் பயந்து அல்ல, டீச்சர். பெருஞ்செலவு செய்து பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை.

உங்கள் தர்க்கம் இயல்பானது. நோய் சூலகத்துக்குள் அடங்கியிருக்கையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்; தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அந்த எல்லையைத் தொடுகிறார்கள். அப்படியானால் முந்திப் பிடித்தால் உயிர் பிழைக்கும் என்றே எவரும் நினைப்பார்கள். பிரித்தானியாவில் இயன் ஜேக்கப்ஸ், உஷா மேனன் ஆகியோரின் தலைமையில், 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற, 50 முதல் 74 வயதுவரையான 202,638 பெண்களைச் சேர்த்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 பார்த்தார்கள். 35 என்ற பொதுக் கோட்டை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பெண்ணின் முந்தைய அளவுகளோடு புதிய அளவை ஒப்பிட்டு, ஏறுமுகம் தெரிகிறதா என்று கணித்தார்கள். இது புத்திசாலித்தனமான முறை. 12இலிருந்து 20க்கும் அங்கிருந்து 31க்கும் ஏறுபவர், 35ஐத் தொடாமலேயே கவனத்துக்கு வந்துவிடுவார். இன்னொரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும் எடுத்தார்கள். மீதிப் பாதியினருக்கு எதுவும் செய்யவில்லை.

2021இல் இறுதி முடிவு வெளிவந்தது; சராசரியாகப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். இரத்தப் பரிசோதனைப் பிரிவில், பரிசோதிக்கப்படாதவர்களை விட முதலாம் கட்ட நோய் 47 சதவீதம் அதிகமாகவும், நான்காம் கட்ட நோய் 25 சதவீதம் குறைவாகவும் இருந்தது. இதுவரை வாசித்தால் வெற்றி என்றுதான் தோன்றும். ஆனால் சூலகப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம் மூன்று பிரிவிலும் ஒன்றே: 0.6 சதவீதம். நோயை முந்திக் கண்டுபிடித்தார்கள். மரணத்தை முந்த முடியவில்லை. இருபது ஆண்டு உழைப்பின் பின்னர் இத்தகைய முடிவை மழுப்பாமல் வெளியிட்டதை நான் மதிக்கிறேன்.

ஏன் இப்படி? இந்நோயில் மிகக் கூடுதலாக உயிர் பறிக்கும் வகை, பெயரில் சூலகம் இருந்தாலும், பெரும்பாலும் சூலகத்தில் தொடங்குவதில்லை. பலோப்பியன் குழாயின் நுனியில், சூலகத்தை அணைப்பது போல் விரிந்திருக்கும் விரல் போன்ற ஓரங்களில், நுணுக்குக்காட்டிக்கு மட்டுமே தெரியும் ஒரு திட்டாகத் தொடங்குகிறது. அந்த இடம் வயிற்றறைக்குள் திறந்திருப்பதால், கலங்கள் உதிர்ந்து பரவுவதற்கு எந்தத் தடையும் இல்லை; கட்டி பருத்து, இரத்தத்தில் அளக்கத்தக்க அளவு புரதத்தைச் சுரப்பதற்கு முன்பே, விதைகள் தூவப்பட்டிருக்கலாம். 2009இல் வெளியான ஒரு கணிப்பின்படி, ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனையொன்று இவ்வகையால் வரும் மரணங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால், அது அரைச் சென்ரிமீற்றர் கட்டியையே கண்டுபிடிக்க வல்லதாக இருக்க வேண்டும். உங்கள் சமையலறை டப்பாவிலிருந்து ஒரு மிளகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அந்த அளவு. அது கசியவிடும் புரதத்தை, உடல் முழுவதும் ஓடும் நான்கைந்து லீற்றர் இரத்தத்தில் தேட வேண்டும்.

அடுத்தது, தவறான எச்சரிக்கையின் விலை. மேலை நாடுகளின் கணக்கில், மாதவிடாய் நின்ற ஏறக்குறைய 2,500 பெண்களில் ஒருவருக்கே ஒரு குறிப்பிட்ட சமயத்தில் இந்நோய் இருக்கிறது. நூற்றுக்கு 99 தடவை சரியாக ‘நோய் இல்லை’ என்று சொல்லும் ஒரு பரிசோதனையை இந்த 2,500 பேருக்கும் செய்தால், நோயுள்ள ஒருவருடன் நோயே இல்லாத 25 பேரும் ‘சந்தேகம்’ என்ற முத்திரையுடன் வெளியே வருவார்கள். வகுப்பறையில் கணக்குப் பாடம் எடுத்தவராக இருந்தால் இது உங்களுக்கு உடனே பிடிபடும்: பரிசோதனையின் திறமையை விட, நோய் அரிதாக இருப்பதே இங்கே விடையைத் தீர்மானிக்கிறது. இது வெறும் தாள் கணக்கல்ல. அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுவரையான 78,216 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், 2011இல் வெளியான முடிவின்படி, 3,285 பேருக்குப் பொய்யான சந்தேகம் எழுந்தது; அவர்களில் 1,080 பேருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது; அதில் 163 பேருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் ஏற்பட்டன. இறப்பு அங்கேயும் குறையவில்லை. நோயில்லாத பெண்ணின் வயிற்றைத் திறந்து, நோய் இல்லை என்று சொல்லி மூடுவது சிறிய விடயமல்ல.

ஆகவே வருத்தமோ குடும்பப் பின்னணியோ இல்லாத உங்களுக்கு நான் சிஏ-125 எழுதித் தர மாட்டேன். மார்பகத்தைப் பரிசோதிப்பதைத் தொடருங்கள்.

கேள்வி: போன வருடம் வெல் வுமன் கிளினிக்கில் பப் பரிசோதனை செய்து, ‘சாதாரணம்’ என்று கடதாசி தந்தார்கள். அது சூலகத்துக்கும் சேர்த்துத்தானே? – வாசகி, மட்டக்குளி

பதில்: இல்லை. பப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கு உரியது. சூலகத்தைப் பற்றி அது எதையும் உறுதிசெய்யாது. ஆனால் அதைச் செய்துகொண்டது நல்ல காரியம்; 35, 45 வயதுகளில் அழைப்பு வரும்போது தவறவிடாதீர்கள். (சிஏ-125க்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று கிராண்ட்பாஸிலிருந்து கேட்டவருக்கும் இதிலேயே பதில்: தேவையில்லை, தேநீர் குடித்துவிட்டே போகலாம்.)

கேள்வி: நான் உயிரியல் படிக்கும் மாணவி. சிஏ-125 நாற்பது ஆண்டுப் பழைய குறிகாட்டி. எச்.இ.4, கட்டி டி.என்.ஏ., ஒரே துளி இரத்தத்தில் ஐம்பது புற்றுநோய்கள் என்றெல்லாம் செய்திகள் வருகின்றன. இவை அதை விரட்டிவிடாதா? – வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: விரட்டும் என்று இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு வருடமும் கேள்விப்பட்டு வருகிறேன், மகள், பழைய குறிகாட்டி இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

எச்.இ.4 என்ற புரதக் குறிகாட்டி உண்மையில் பயனுள்ளது. எண்டோமெட்ரியோசிஸில் அது பெரும்பாலும் உயர்வதில்லை என்பதால், முதற் கடித வாசகியைப் போன்றவர்களிடம் சிஏ-125 செய்யும் குழப்பத்தை அது ஓரளவு தெளிவாக்குகிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடமும் புகைப்பவர்களிடமும் அது தானாகவே உயர்ந்திருக்கும் என்பது அதன் குறை. இரண்டையும் மாதவிடாய் நிலையையும் சேர்த்துக் கணிக்கும் ‘ரோமா’ என்ற சூத்திரத்துக்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அனுமதியின் வாசகத்தைக் கவனமாகப் படியுங்கள்: ஸ்கேனில் ஏற்கெனவே கட்டி தெரிந்து, சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த பெண்ணுக்கு அது தீங்கானதாக இருக்குமா என்று மதிப்பிடுவதற்கே அது உரியது. கட்டி இல்லாத பெண்ணிடம் நோயைத் தேடுவதற்கு அல்ல. செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டைத்தான் வழக்கமாக விழுங்கிவிடுகின்றன.

2002இல் ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. இரத்தத்திலுள்ள புரதங்களின் கோலத்தைக் கணினி கொண்டு வாசித்து, 50 புற்றுநோயாளர்களில் 50 பேரையும் கண்டுபிடித்ததாக ஓர் ஆய்வு லான்செட் சஞ்சிகையில் வந்தது. பின்னர் புள்ளியியலாளர்கள் அதே தரவுகளை எடுத்து அலசியபோது, கணினி கண்டுகொண்ட வேறுபாட்டில் கணிசமானது நோயால் வந்ததல்ல, மாதிரிகளைக் கையாண்டதிலும் கருவியிலும் இருந்த வேறுபாடாக இருக்கலாம் என்று தெரிந்தது. அமெரிக்காவில் 2008இல் விற்பனைக்கு வந்த ஓவாஷுவர் என்ற வேறொரு பரிசோதனை, அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்ததன் பின்னர், அதே ஆண்டிலேயே மீளப்பெறப்பட்டது. ஆய்வுத்துறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த வரலாற்றைப் படித்து வையுங்கள். முற்றிய நோயாளரின் இரத்தத்தையும் ஆரோக்கியமானவரின் இரத்தத்தையும் ஒப்பிட்டால் எந்தக் குறிகாட்டியும் மின்னும். நோய் வெளிப்படுவதற்கு மாதங்களுக்கு முன்னர் எடுத்து உறைநிலையில் வைத்த இரத்தத்தில் சோதிப்பதே உண்மையான பரீட்சை. டீச்சருக்கான பதிலில் சொன்ன அமெரிக்க ஆய்வில் சேமித்த அத்தகைய இரத்தத்தில், பேர்பெற்ற பல குறிகாட்டிகளையும் அவற்றின் கூட்டணிகளையும் பார்த்தபோது, எதுவும் சிஏ-125ஐ மிஞ்சவில்லை.

கட்டி டி.என்.ஏ. மீது எனக்கு நம்பிக்கை உண்டு. புற்றுநோய்க் கலம் சிதையும்போது அதன் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் மீதுள்ள மெதயில் என்னும் வேதிக் குறிகளின் ஒழுங்கைக் கொண்டு, எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதையே ஊகிக்கலாம். 2021இல் பிரித்தானியாவில் 140,000 பேரைச் சேர்த்து இத்தகைய ஒரு பரிசோதனையைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஆனால் மிளகளவு கட்டி எத்தனை துணுக்குகளை உதிர்க்கும் என்ற பழைய கேள்வி இங்கும் கூடவே வருகிறது.

கேள்வி: என் அக்கா 52ஆவது வயதில் சூலகப் புற்றுநோயால் காலமானார். அவருடைய மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். பரிசோதித்ததில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாகச் சொல்கிறாள். எனக்கு 43 வயது, இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் இதை வெளியே எடுக்க வேண்டாம் என்கிறார் என் கணவர். நான் வருடாவருடம் சிஏ-125 பார்த்துக்கொண்டால் போதாதா? – வாசகி, வத்தளை

பதில்: போதாது அம்மா. வேறு சில கடிதங்களுக்குப் ‘பொறுங்கள்’ என்று சொன்ன நான், உங்களுக்கு ‘நகருங்கள்’ என்கிறேன்.

பிஆர்சிஏ1 மரபணுவில் பழுதுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 44 சதவீதம். பிஆர்சிஏ2 என்றால் 17 சதவீதம். பொதுவான பெண்ணுக்கோ 1 முதல் 2 சதவீதம்தான். உங்கள் அக்காவிடமிருந்து மகளுக்கு அது வந்திருந்தால், உங்களுக்கும் இருப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. இல்லாதிருப்பதற்கும் அதே வாய்ப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். பெறாமகளின் அறிக்கையின் பிரதியை அனுப்பச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் பிழை என்று தெரிந்துவிட்டால், உங்கள் இரத்தத்தில் அந்த ஓரிடத்தை மட்டும் தேடினால் போதும். வேலையும் குறைவு, பணமும் குறைவு. கின்சி வீதியில், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மரபணு ஆலோசனை பெறலாம்.

மாற்றம் இருப்பது உறுதியானால், இன்றைய மருத்துவம் நம்பும் வழி கண்காணிப்பு அல்ல. சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் அகற்றும் சத்திரசிகிச்சை. பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்குப் பிள்ளைப்பேறு முடிந்ததும், 35 முதல் 40 வயதுக்குள் இதைச் செய்யும்படி சொல்கிறார்கள். நீங்கள் அந்த வயதைக் கடந்துவிட்டீர்கள் என்பதாலேயே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அகற்றிய குழாயின் நுனியை மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும்படி நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தத்தில் ஒருபோதும் தெரிந்திராத திட்டு அங்கேதான் அகப்படும்.

கல்யாணப் பேச்சு என்னும் தடையை நான் இலேசாக எடுக்கவில்லை. எங்கள் சமூகத்தில் ‘அந்த வருத்தம் உள்ள குடும்பம்’ என்ற சொல் எவ்வளவு தூரம் ஓடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பரிசோதனை உங்களுடையது. அறிக்கை உங்கள் கைக்கே வரும். தரகருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் அதில் இடமில்லை. மகள்களுக்கு இப்போதைக்கு எதுவும் தேவையில்லை. உங்களுக்கு இல்லை என்று வந்தால், இந்த மாற்றம் உங்கள் வழியாக அவர்களுக்குப் போயிருக்க முடியாது. அந்தப் பயத்தை நீங்கள் வீட்டிலிருந்தே துடைத்துவிடலாம். இன்னொன்று: இப்பழுது தகப்பன் வழியாகவும் வரும். உங்கள் சகோதரர்கள் தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிடக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து ஒன்றரை வருடம். சிஏ-125 ஒன்பதாக இருந்து, பிறகு 14, இப்போது 21. இன்னும் 35க்குக் கீழேதான் என்று அம்மா சந்தோஷமாக இருக்கிறார். எனக்கு நித்திரை இல்லை. உடனே மருந்து தொடங்கச் சொல்லிக் கேட்கவா? – வாசகி, மருதானை

பதில்: உங்கள் கவனம் சரியானது. ஒருமுறை இந்நோய் வந்தவருக்கு 35 என்பது அர்த்தமிழந்த கோடு. அவருடைய சொந்த ஒன்பதே அவருக்கு அளவுகோல். மூன்று அளவுகளும் ஒரே திசையில் ஏறுவதை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஆனால் எண்ணுக்காக மாத்திரம் உடனே கீமோ தொடங்குவது வேறு விடயம். 2010இல் வெளியான ஒரு ஐரோப்பிய ஆய்வில், சிஏ-125 ஏறியவுடன் மருந்து தொடங்கியவர்களும், அறிகுறி தோன்றும்வரை காத்திருந்தவர்களும் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இருக்கவில்லை. முந்தித் தொடங்கியவர்கள் மருந்தின் அசதியை முந்தி அனுபவித்ததுதான் மிச்சம். அதன் பின்னர் புதிய மருந்துகள் வந்துள்ளன. ஓரிடத்தில் மட்டும் திரும்பிய கட்டியை மீண்டும் சத்திரசிகிச்சையால் அகற்றுவதும் சிலருக்குப் பயன் தருகிறது. ஆகவே ஸ்கேன் ஒன்று தேவையா என்று கேளுங்கள். மருந்தை நீங்களாகக் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது மூன்று அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மூன்றும் ஒரே ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டவையா என்று தலைப்பைப் பாருங்கள். வெவ்வேறு இடங்களின் கருவிகள் ஒரே இரத்தத்துக்கு வெவ்வேறு எண் தரக்கூடும். இரண்டாவது அறிக்கை வேறு இடத்தில் செய்ததாக இருந்தால், அதைத் தனியாக மடித்து வைத்துவிட்டு, ஒன்பதையும் இருபத்தொன்றையும் மாத்திரம் முன்னே வையுங்கள்.